அம்மா வீட்டு ஏசிக்கு நம் கையால் ஒரு கன்ட்ரோலர்

தங்கச்சி, விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தில் இருக்கும் அம்மா வீட்டு ஏசியைச் சென்னையில் இருந்தபடியே பார்த்துக்கொள்ள நீயே ஒரு கருவி செய்யப்போவதாகச் சொன்னாய். தாராளமாகச் செய். கடையில் ரெடிமேடாக வைஃபை ரிமோட் கிடைக்கிறது, வாங்கி வைத்தால் அன்றைக்கே வேலை முடியும். ஆனால் அவற்றில் பலவும் எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் சர்வரைக் கேட்டுத்தான் அசையும். கம்பெனி அந்த சேவையை நிறுத்திவிட்டால் நம் வீட்டில் இருப்பது வெறும் டப்பா. நீ செய்யும் கருவி வீட்டுக்குள்ளேயே முடிவெடுக்கும், பழுதானால் நீயே திறந்து பார்க்கலாம். போர்டும் சில்லறைப் பாகங்களும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு விஷயத்தில் நீ உறுதியாக இருக்க வேண்டும். அந்த அறையில் படுப்பவர்கள் அம்மாவும் அப்பாவும். அம்மா பழைய ரிமோட்டை எடுத்து அமுக்கினால், உன் கருவி என்ன நினைத்திருந்தாலும் ஏசி அம்மா சொன்னபடிதான் கேட்க வேண்டும். நெட் போனாலும் கருவி செத்தாலும் ஏசி வழக்கம்போல் ஓட வேண்டும். இந்த இரண்டையும் கெடுக்கிற எந்த வசதியும் நமக்கு வேண்டாம். கீழே நான் சொல்லும் எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

முதலில் ஏசி என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள். அது குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே தள்ளுகிறது. அதனால்தான் வெளியே இருக்கும் யூனிட்டின் பக்கத்தில் நின்றால் அனல் அடிக்கிறது. இதையே திருப்பி ஓட்டினால் வெளிச் சூட்டை உள்ளே கொண்டுவரும். குளிர்நாடுகள் பலவற்றில் ஹீட் பம்ப் என்று வீடுகளில் வைத்திருப்பது அதைத்தான். இப்படி ஒரு இயந்திரத்தால் கட்டடத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் முடியும் என்று கெல்வின் பிரபு 1852-லேயே எழுதிவைத்தார். வட இந்தியாவில் ஹாட் அண்ட் கோல்டு ஏசி என்று விற்பதும் இரண்டு பக்கமும் ஓடும் ஹீட் பம்ப்தான். நம் ஊருக்கு ஒரு பக்கம் போதும். சூட்டை அள்ளித் தள்ளுகிற கம்ப்ரஸருக்கு நிறுத்தியவுடன் மறுபடி ஓட்டினால் ஆகாது. உள்ளே இருக்கும் கேஸின் அழுத்தம் சமமாக மூன்று நிமிடமாவது விட வேண்டும்.

இதனால் உனக்கு முதல் அறிவுரை: ஸ்மார்ட் பிளக் வாங்கி ஏசியின் கரன்ட்டை வெட்டி வெட்டிக் கொடுக்கிற யோசனையை விட்டுவிடு. ரிலே போட்டு 230 வோல்ட்டைத் தொடுகிற யோசனையும் வேண்டாம். கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் கரன்ட்டுக்குச் சின்ன ரிலே தாங்காது. பிளக் உருகி வாசனை வரும்வரை யாருக்கும் தெரியாது. இன்வெர்ட்டர் ஏசியை ஓடும்போதே திடீரென்று வெட்டுவதும் நல்லதல்ல, அதற்கென்று ஒரு நிறுத்தும் முறை உள்ளே இருக்கிறது. நீ செய்ய வேண்டியது ரிமோட் செய்கிற வேலையை மட்டும். ரிமோட் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் பேசுகிறது, உன் போர்டும் அதே ஒளியில் பேசட்டும். ஏசியின் மூடியைத் திறக்கவே தேவையில்லை, வாரண்டியும் போகாது.

வெளிநாட்டில் சிலர் மிட்சுபிஷி எலக்ட்ரிக் யூனிட்டின் உள்ளே சிஎன்105 என்ற ஒரு கனெக்டரைக் கண்டுபிடித்து, அதில் நேரடியாகக் கம்பி செருகி ஏசியோடு பேசுகிறார்கள். ஏசியின் நிலையைத் திருப்பிப் படிக்கவும் முடிவதால் அழகான வழிதான். ஆனால் ஏசியின் உள்போர்டு பலவற்றில் லோ வோல்டேஜ் பகுதியும் மெயின்ஸோடு தொடர்பில் இருக்கும், கை வைத்தால் ஷாக். முதல் கருவிக்கு அந்தப் பக்கமே போகாதே.

சாமான்களுக்குச் சென்னையில் இருக்கிற நீ ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை போனால் போதும். ஈஎஸ்பி8266 சிப் உள்ள டி1 மினி அல்லது நோட்எம்சியு போர்டு ஒன்று. இரண்டாகவே வாங்கு, ஏன் என்று பிறகு சொல்கிறேன். 940 நானோமீட்டர் ஐஆர் எல்இடி, 2என்2222 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம், 100 ஓம், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். ஐஆர் ரிசீவர் கேட்டால் பல கடையில் டிஎஸ்ஓபி1738-ஐ எடுத்து நீட்டுவார்கள். அது 5 வோல்ட்டில் ஓடுவது, உன் போர்டின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. டிஎஸ்ஓபி38238 என்று கேட்டு வாங்கு. அறையின் வெப்பமும் ஈரப்பதமும் அளக்க டிஹெச்டி22. அதன் தம்பி டிஹெச்டி11 விலை குறைவு என்று எடுக்காதே, அளவு முன்னே பின்னே இருக்கும். இன்னொன்று, டிஎஸ்18பி20 என்ற வெப்ப சென்சார், கம்பியோடு வருவது. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கருவியின் உயிரே இதில்தான் இருக்கிறது.

எல்இடியை போர்டின் காலில் நேராக மாட்டாதே. அந்தக் கால் தரும் சொற்பக் கரன்ட்டில் ஒளி கட்டிலைத் தாண்டாது. 5 வோல்ட்டிலிருந்து 100 ஓம் வழியாக எல்இடி, அங்கிருந்து டிரான்சிஸ்டர், டிரான்சிஸ்டரின் பேஸுக்கு 1 கிலோ ஓம் வழியாக போர்டின் டி2 கால். இப்படி மாட்டினால் எல்இடிக்கு 35 மில்லி ஆம்பியர் அளவில் கிடைக்கும். அறைக்கு அது போதும், எதிர்ச்சுவரில் இருந்து தடுமாறினால் 68 ஓம் போடு. ரிசீவருக்கு டி5 கால். டி3, டி4, டி8 கால்களில் எதையும் மாட்டாதே. போர்டு கிளம்பும்போது அந்தக் கால்களைப் பார்த்துத்தான் எப்படிக் கிளம்புவது என்று முடிவெடுக்கும், நீ மாட்டியது குறுக்கிட்டால் சில நேரம் கிளம்பாமலே நின்றுவிடும். எல்இடி எரிகிறதா என்று பார்க்க செல்போனின் முன்பக்கக் கேமராவை நீட்டு, ஊதா நிறத்தில் மினுங்கும். அம்மாவின் ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று பார்க்கவும் இதே வழிதான்.

அடுத்து, ஏசியின் பாஷையைக் கற்க வேண்டும். இதற்கு ஐஆர்ரிமோட்ஈஎஸ்பி8266 என்ற கட்டற்ற லைப்ரரி இருக்கிறது. டைகின், எல்ஜி, சாம்சங், பானசோனிக், மிட்சுபிஷி, நம் வோல்டாஸ் உட்பட ஏராளமான ஏசிகளின் சிக்னலை உலகம் முழுக்க இருக்கும் ஆர்வலர்கள் பிரித்துப் படித்து அதில் சேர்த்திருக்கிறார்கள். அதில் உள்ள ரிசீவர் உதாரண நிரலை போர்டில் ஏற்றி, ரிமோட்டை ரிசீவரின் முன் பிடித்து அமுக்கினால், எந்த வகைச் சிக்னல், என்ன டிகிரி, எந்த மோடு என்று திரையில் எழுத்தாக வரும். ஏசியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரும் திரையில் வரும் பெயரும் வேறாக இருந்தால் குழம்பாதே. ஒரு பிராண்டின் ஏசியை இன்னொருவர் செய்து கொடுப்பது இங்கே சகஜம். திரை சொல்வதை நம்பு.

டிவி ரிமோட்டுக்கும் ஏசி ரிமோட்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. டிவி ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டு என்று அமுக்கினால் அந்த ஒரு சொல் மட்டும் போகும். ஏசி ரிமோட்டில் ஒரு டிகிரி கூட்டினாலும், ஆன், கூல் மோடு, 26 டிகிரி, ஃபேன் மெதுவாக, ஸ்விங் உண்டு என்று முழு நிலையும் ஒவ்வொரு முறையும் போகும். ஆகவே உன் போர்டும் முழு நிலையையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அம்மா ஃபேனைக் குறைத்துவிட்டுப் படுத்திருப்பார். நீ சென்னையிலிருந்து டிகிரியை மாற்றினால் போர்டு பழைய ஃபேன் வேகத்தையும் சேர்த்து அனுப்பும், அம்மாவின் மேல் குளிர்காற்று வீசும். இதைத் தவிர்க்கத்தான் ரிசீவர். சிக்னலைக் கற்றபின் அதைக் கழற்றி வைக்காதே, நிரந்தரமாக இருக்கட்டும். அம்மா ரிமோட்டை அமுக்கும் ஒவ்வொரு முறையும் போர்டும் அதைக் கேட்டுத் தன் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஈஎஸ்பிஹோம் மென்பொருளில் எழுதினால் பல பிராண்டுகளுக்கு இந்த வசதி முன்னமே இருக்கிறது, சில வரிகளில் முடியும்.

அப்படியும் ஒரு ஓட்டை பாக்கி. போர்டு பேசும், ஏசி பதில் பேசாது. சிக்னல் கிடைத்ததும் ஒரு பீப் சத்தம் போடும், அவ்வளவுதான். அந்த பீப்பைக் கேட்க நீ அங்கே இல்லை. கரன்ட் போய் வந்ததும் ஏசி அணைந்தே கிடக்கலாம், போர்டோ அது ஓடுவதாக எண்ணிக்கொண்டிருக்கும். இங்கேதான் டிஎஸ்18பி20 வருகிறது. டேட்டா கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் போட்டு, சென்சாரின் முனையை ஏசியின் காற்று வரும் வாயின் ஓரத்தில், இறக்கை ஆடுவதற்குத் தடையில்லாமல் டேப் போட்டு ஒட்டு. ஓடும் ஏசியின் வாயில் வரும் காற்று அறையைவிடப் பத்து டிகிரி போலக் குறைவாக இருக்கும். ஆன் சொல்லிப் பதினைந்து நிமிடம் கழித்தும் ஐந்து டிகிரி வித்தியாசம்கூட இல்லையென்றால், போர்டு இன்னொரு முறை சிக்னல் அனுப்பட்டும். அதற்கும் அசையவில்லையென்றால் உனக்குச் செய்தி வரட்டும். ஏசி ஓடியும் வாயில் குளிர்ச்சி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் கேஸ் கசிகிறது. சித்திரை வெயில் வருவதற்குள்ளேயே மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடலாம். தூரத்திலிருந்து ஏசியைப் போடுவதைவிட இந்தத் தகவலுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

டிஹெச்டி22-ஐ எங்கே வைப்பாய்? கட்டிலின் தலைமாட்டில், படுத்திருப்பவர் உயரத்தில் வை. ஏசிக்கு உள்ளே இருக்கும் சென்சார் கூரைக்குக் கீழே இருக்கும் காற்றைத்தான் அளக்கும். போர்டின் பக்கத்திலும் வைக்காதே, போர்டின் சூடே ஒன்றிரண்டு டிகிரி கூட்டிக் காட்டும்.

இனி, போர்டுக்கு என்ன புத்தி சொல்லித் தருவது? மின்சாரச் சிக்கன அமைப்பான பீஇஇ சொல்லி, 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் ரூம் ஏசிகள் 24 டிகிரியில்தான் கிளம்ப வேண்டும் என்று ஆயிற்று. ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவீதம் போல மின்சாரம் மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு. 26 வைத்து மேலே சீலிங் ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் வயசானவர்களுக்கு இதமாக இருக்கும். விடியற்காலை வெளிச் சூடு தணிந்ததும் அறை குளிர்ந்துபோய் அம்மா போர்வையைத் தேடுவார். அந்த நேரத்தில் போர்டு ஏசியை அணைக்க வேண்டாம், ஒரு டிகிரி உயர்த்தினால் போதும். இன்வெர்ட்டர் ஏசி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அணைப்பதும் போடுவதுமாக விளையாடினால் கம்ப்ரஸருக்கும் கேடு, மிச்சமும் இல்லை. எந்த மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் நடுவே இருபது நிமிடமாவது இடைவெளி வை. அம்மா ரிமோட்டை அமுக்கியிருந்தால் அன்று இரவு முழுக்க போர்டு வாயே திறக்கக் கூடாது என்று எழுதிவிடு.

பில் கணக்கும் பார்ப்போம். ஏசி மணிக்கு முக்கால் யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள். இரவு எட்டு மணி நேரத்துக்கு ஆறு யூனிட், இரண்டு மாதத்துக்கு 360. ஃபிரிட்ஜ், மோட்டார், மிக்ஸி, டிவி எல்லாம் சேர்ந்தால் 500-ஐத் தொட்டுவிடும். நம் மின்வாரியத்தின் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டினால் கடைசி யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படிக்கு இருந்த சலுகை விலையும் போய்விடும். ஆகவே 490-இல் நிற்பதற்கும் 510-இல் நிற்பதற்கும் வித்தியாசம் இருபது யூனிட்டின் விலை மட்டுமல்ல. கரன்ட்டை அளக்கிறேன் என்று மீட்டர் பெட்டியில் கம்பி செருகாதே, சீலையும் தொடாதே. அப்பாவை வாரம் ஒருமுறை மீட்டரில் இருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லச் சொல். அவருக்கும் உன்னோடு பேச ஒரு காரணம் கிடைக்கும்.

நம் பக்கத்துக் கரன்ட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தின் பல ஊர்கள் இருட்டில் கிடந்தன. அந்த மாதிரி நாட்களையும் நினைத்துத்தான் கருவி செய்ய வேண்டும். கரன்ட் வந்ததும் முதல் ஐந்து நிமிடம் போர்டு ஒன்றும் அனுப்பக் கூடாது. வோல்டேஜ் நிலைக்கட்டும், கம்ப்ரஸரும் ஓய்வெடுக்கட்டும். போர்டு அணைந்து எழுந்தால் மணி என்ன என்று அதற்குத் தெரியாது, நெட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். நேரம் தெரியாதவரை எந்த டைமரும் வேலை செய்யக் கூடாது. ரவுட்டரையும் போர்டின் சார்ஜரையும் வீட்டு இன்வெர்ட்டர் லைனில் மாட்டு. அப்போது ஏசிக்குக் கரன்ட் இல்லாத நேரத்திலும் அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும். இடி மின்னல் வந்தால் எல்லா பிளக்கையும் பிடுங்கச் சொல், கருவியைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டாம்.

ரவுட்டரைப் பற்றி ஒன்று. ஈஎஸ்பி8266-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் போர்டு தேடித் தேடி ஓயும்.

வெளியிலிருந்து வீட்டுக்குள் எப்படி வருவாய்? ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து வெளியாருக்குக் கதவைத் திறந்துவிடும் பழைய வழியை மற. 2016-இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களையே முடக்கியது. திறந்த கதவை மனிதர்கள் தேடுவதில்லை, நிரல்கள் இரவும் பகலும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. உன் போர்டு உள்ளிருந்து வெளியே பேசட்டும், வெளியிலிருந்து யாரும் உள்ளே வரக் கூடாது. எளிய வழி டெலிகிராம் பாட். போர்டு தானே போய் செய்தி இருக்கிறதா என்று பார்க்கும். உன் டெலிகிராம் ஐடியிலிருந்தும் அப்பாவின் ஐடியிலிருந்தும் வரும் செய்திக்கு மட்டும் பதில் சொல்லும்படி எழுது, இல்லாவிட்டால் பாட்டின் பெயர் தெரிந்த எவரும் நம் வீட்டு ஏசியை அணைக்கலாம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப் இருந்தால் அதில் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளைப் போட்டு, வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக உள்ளே வருவது இன்னும் நல்லது. ஒரே ஒரு ஏசிக்கு அவ்வளவு தேவையா என்று கேட்டால், முதல் கோடைக்கு வேண்டாம் என்பேன்.

இந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டால் தனியாகக் குழம்பாதே. விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது, கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணினி சொல்லித் தருகிறார்கள். 2012 முதல் வரும் கணியம் இதழில் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே நிறைய இருக்கிறது. கேள்வியைச் சுருக்கமாக, சர்க்யூட்டின் படத்தோடு கொண்டுபோ.

முதலில் பிரெட்போர்டில் மாட்டி உன் அறையில் ஒரு வாரம் ஓடவிடு. அப்புறம் டாட் போர்டில் சால்டர் பண்ணு. ஊர் வீட்டில் எறும்பும் பல்லியும் சூடான இடத்தைத் தேடி வரும். காற்றுத் துளைகளைப் பொடிசாக வை, கம்பி நுழையும் ஓட்டையைச் சுற்றி அடைத்துவிடு. மரக்காணம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று வேறு செம்பைத் தின்னும். நிறமில்லாத நெயில் பாலிஷை சால்டர் புள்ளிகள்மேல் பூசினால் கொஞ்சம் தாங்கும், சென்சார்மேல் மட்டும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள். சார்ஜர் பிஐஎஸ் முத்திரை உள்ளதாக இருக்கட்டும். முழுக் கருவியிலும் 230 வோல்ட் வருகிற ஒரே இடம் அதுதான், அங்கே காசு மிச்சம் பிடிக்காதே.

மாட்டுவதற்கு முன் அம்மாவிடமும் அப்பாவிடமும் உட்கார்ந்து பேசு. இந்தக் கருவி என்ன செய்யும், உனக்கு எதெல்லாம் தெரியவரும் என்று ஒளிக்காமல் சொல். எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள், எப்போது எழுகிறார்கள் என்பதுகூட இதிலிருந்து உனக்குத் தெரிந்துவிடும். அது அவர்களுக்குச் சம்மதமா என்று கேள். சம்மதித்தாலும், சென்னையில் இருந்துகொண்டு அவர்களைக் கேட்காமல் டிகிரியை மாற்றாதே. பில் ஏறுகிறதே என்று மட்டும் ஒருநாளும் மாற்றாதே. வயசான உடம்பு சூட்டைத் தாங்காது, தாகமும் சரியாகத் தெரியாது. கத்திரி வெயில் நாட்களில் இரவு பத்து மணிக்கு மேல் அறை 32 டிகிரியைத் தாண்டினால் உனக்கும் எனக்கும் செய்தி வரும்படி வை. போர்டு அரைமணி நேரம் பேசாமல் இருந்தாலும் செய்தி வரட்டும். அதை போர்டால் அனுப்ப முடியாது, உன் பக்கம் இருக்கும் கணினிதான் கவனிக்க வேண்டும். செய்தி வந்ததும் பாட்டைத் திறக்காதே, வீட்டுக்குப் போன் போடு. எடுக்கவில்லையென்றால் பக்கத்து வீட்டு அத்தைக்குப் போடு.

நிரலைப் புதுப்பிப்பதை ஊருக்கு வரும்போது மட்டும் செய். தூரத்திலிருந்து ஏற்றி நடுவில் நெட் அறுந்தால் சரிசெய்ய அங்கே ஆள் இல்லை. இரண்டாவது போர்டு அதற்குத்தான். அதே நிரலை ஏற்றி, அதே கால்களில் செருகும் ஊசிகளும் வைத்து, ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்துவிடு. பழுதானால் அப்பாவே கழற்றி மாற்றிவிடுவார். கூடவே பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாள் எழுதி ஏசி சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டு: எது சார்ஜர், எதைப் பிடுங்கினால் கருவி நிற்கும், பிடுங்கினாலும் ஏசி ரிமோட்டில் எப்போதும்போல் ஓடும், ஏசி மெக்கானிக்கின் நம்பர், நம் இருவர் நம்பர். ஒட்டிவிட்டு அம்மாவை ஒருமுறை அந்தச் சார்ஜரைப் பிடுங்கி, ரிமோட்டில் ஏசியைப் போட்டுப் பார்க்கச் சொல். நீ ஊரில் இருக்கும்போதே.